மருந்துச் சீட்டும் மனச்சான்றும்

பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணைப் பற்றிக் கூறும் மாற்கு, அவள் மருத்துவர் பலரிடம் சென்று தன் உடைமை முழுவதையும் இழந்தும் நலம் பெறவில்லை என்பதையும் மறவாமல் குறித்து வைத்துள்ளார். ஆடையின் விளிம்பைத் தொட்ட அவளது நம்பிக்கையை நாம் போற்றுகிறோம். இழந்த உடைமையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

அந்தப் பெண் இன்றும் குளத்தூரில் இருக்கிறாள். தமிழகத்தின் எந்தச் சிற்றூரையும் போலவே, இந்த வானம் பார்த்த பூமியிலும் சளிக்காய்ச்சலென்று தனியார் மருத்துவரிடம் போகிறவருக்குக் கிடைப்பது என்ன? ஓர் ஊசி, வைரஸ் காய்ச்சலில் எப்பயனும் தராத ஆன்டிபயாட்டிக், ஒரு வலி மாத்திரை, அது வயிற்றைப் புண்ணாக்காதிருக்க இன்னொன்று, போதாக்குறைக்கு ஒரு சத்து மாத்திரை. சீட்டில் இருப்பதோ மருந்தின் பெயரன்று, நிறுவனம் சூட்டிய வணிகப் பெயர். ஒரு நாள் கூலி அங்கேயே கரைந்துவிடுகிறது.

வணிகப் பெயர் சீட்டில் ஏறும் வழியை உச்ச நீதிமன்றமே கண்டது. சென்னையின் அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் ‘ஜிங்கோவிட்’ என்னும் சத்து மருந்தைப் பரப்புவதற்காக மருத்துவர்களுக்குப் பொற்காசு, தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, மடிக்கணினி முதலியவற்றை வழங்கியது. அச்செலவு ஏறத்தாழ 4 கோடியே 72 இலட்சம் ரூபாய். அதற்கு வருமான வரிச் சலுகையும் கேட்டது! (துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்.) 2022 பிப்ரவரி 22 அன்று நீதிமன்றம் சலுகையை மறுத்தது, பரிசின் செலவு மருந்தின் விலையில் ஏறி மக்கள் தலையில் விழுகிறது என்றும் சுட்டிக்காட்டியது.

இயன்றவரை பொதுப்பெயரிலேயே மருந்து எழுத வேண்டுமென்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இதைக் கட்டாயமாக்கியது. மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பால் அதே மாதத்திலேயே நிறுத்தி வைத்தது. பொதுப்பெயர் மருந்துகளின் தரம் உறுதியில்லை என்றனர். அந்த ஐயத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆயினும் 1994இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பொதுப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி, மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்த பின்னரே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பி வருகிறது. தரத்துக்கு வழி சோதனை. கூடுதல் விலை அன்று.

நம் பங்கும் இதில் உண்டு. ஊசி போடாத மருத்துவரைக் ‘கைராசி இல்லாதவர்’ என்று ஒதுக்குகிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரையை மதியாமல், அதே மருந்தைப் பளபளக்கும் அட்டையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இனி, நம் வீட்டுக் கேள்வி. துறவற சபைகள் நடத்தும் மருத்துவமனைகள் எத்தனை! அவற்றில் எத்தனை, சீட்டில் பொதுப்பெயரை எழுதுகின்றன? மருந்துக் கடையால் வரும் இலாபத்தை நம்பி நடப்பவை எத்தனை? பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளில், உலக நோயாளர் தினம் வருகிறது. நோயாளருக்கு எண்ணெய் பூசி மன்றாடுவோம். அதற்கு முன் அம்மருத்துவமனைகள் ஒவ்வொன்றின் வாயிலிலும், அதிகமாக எழுதப்படும் மருந்துகளின் பொதுப்பெயரையும் விலையையும் தமிழில் எழுதித் தொங்கவிடுமாறு நம் ஆயர்கள் ஆணையிட வேண்டும். பங்குப் பேரவைகள் இம்மாதமே அதற்கான விண்ணப்பத்தை எழுதத் தொடங்கலாம்.