முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்புங்கள்



பொங்கல் விடுமுறையில் கன்னியாகுமரி போயிருந்தேன். சூரியன் மறையும் நேரம், கரையில் பாதிப் பேர் கடலுக்கு முதுகைக் காட்டிப் படத்துக்கு நிற்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் என் துணைவியாரை அப்படித்தான் நிற்க வைத்தேன். கேமரா வானத்தின் வெளிச்சத்துக்கு அளவெடுத்துக்கொண்டது. சூரியன் செக்கச்செவேல், அவர் முகம் ஒரே இருட்டு. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பயணத்துக்கு அது ஒன்றுதான் படம்.

அதனால் சொல்கிறேன், வாத்தியார் புத்தி என்று சிரித்தாலும் சரி. மறைவதற்கு அரை மணி முன்பே ஆளைச் சூரியன் பக்கம் திருப்பி நிறுத்தி, மஞ்சள் வெயில் விழும் முகத்தை எடுங்கள். பிறகு போனைப் பைக்குள் வையுங்கள். அடிவானத்தைத் தொட்ட சூரியன் முழுதாக மூழ்க இரண்டு நிமிடத்துக்குச் சற்றுதான் கூடுதல்.