உள்ளங்கைக் கணிப்பொறியும் நம் கடமையும்

ஒரு கருவியின் பெருமை அதன் பருமையில் இல்லை; அதனைக் கையாளும் மக்களின் அறிவிலும் முயற்சியிலுமே உள்ளது. ஏரும் எழுத்தாணியும் உருவாற் சிறியனவே. ஆயினும் ஒன்று நிலத்தை உழுது நம் வயிற்றை நிறைத்தது. மற்றொன்று ஓலையை உழுது நம் அறிவை நிலைநிறுத்தியது. அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க சிறுகருவி ஒன்று இன்று நம் கைக்கெட்டும் விலையில் வந்துள்ளது. அது, சட்டைப்பையில் அடங்கும் கணிப்பொறி. அது வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும், அதனைக்கொண்டு என்ன செய்யலாம் என்று நம்மிற் பெரும்பாலோர் வினவவே இல்லை. வினவாத மக்கள் என்றும் வாங்கும் மக்களாகவே இருப்பர். ஆக்கும் மக்களாக உயரார்.

இக்கருவி பிறந்த வரலாறே நமக்கொரு படிப்பினை. இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்சு நகரின் ஏக்கார்ன் என்னும் நிறுவனம், பி.பி.சி. நிறுவனத்தின் கல்வித் திட்டத்திற்காக 1981-ஆம் ஆண்டு ஒரு கணிப்பொறியைச் செய்தளித்தது. மின்னிணைப்புக் கொடுத்தவுடன், “என்ன செய்யவேண்டும்? எழுது!” என்று கேட்பதுபோல் வெறுந்திரையோடு காத்து நிற்கும் பொறி அது. அதனோடு வளர்ந்த பிள்ளைகள் நிரல் எழுதப் பழகினர். பின்னர் வந்த பொறிகளோ பார்க்கவும் விளையாடவும் பழக்கினவேயன்றி, எழுதப் பழக்கவில்லை. அதன் விளைவு, 2000-ஐ அடுத்த ஆண்டுகளில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்திலேயே தெரிந்தது. கணிப்பொறியியல் பயில வந்த மாணவர் தொகையும் குறைந்தது. வந்தவரின் முற்பயிற்சியும் குறைந்தது.

அக்குறையைக் கண்ட எபன் அப்டன் முதலிய அறிஞர் சிலர் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. 2009-ஆம் ஆண்டில் அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்தனர். 2012 பிப்பிரவரித் திங்களில் ‘இராசுபெரி பை’ என்னும் கணிப்பொறியை 35 டாலர் விலையில் வெளியிட்டனர். அதன் நீளம் ஏறத்தாழ 85 மில்லிமீட்டர்; அகலம் 56 மில்லிமீட்டர்; எடை 45 கிராம். 2015 நவம்பரில் அதனினும் சிறிதாக, 9 கிராம் எடையில் ‘சீரோ’ என்னும் வகை வந்தது. அன்று அதன் விலை 5 டாலரே. அறக்கட்டளை தன் திங்களிதழின் அட்டையில் அதனை இணைத்து, இதழ் வாங்கியோர்க்கு விலையின்றியே தந்தது! அவ்வாண்டு இறுதியில் இவ்வினக் கணிப்பொறிகள் இரண்டு பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்கே சென்றன. பள்ளிப் பிள்ளைகள் எழுதிய நிரல்கள் ஆங்கு இயங்கின. ஒரு நாட்டின் அறிஞர்கள் தம் பிள்ளைகளின் கைகள் செயலற்றுப் போவதைக் கண்டு கவன்றதன் பயன் இது.

“கைப்பேசிதான் எல்லார் கையிலும் உள்ளதே, இஃது எதற்கு?” என்று கேட்பார் உளர். கேட்கத்தக்க கேள்வியே. கைப்பேசி மூடிய பெட்டி. அதனுள் யாரோ செய்து வைத்ததை நாம் பயன்படுத்தலாம். அதன் உடலில் ஒரு கம்பியைக் கோத்து விளக்கேற்ற முடியாது. விலைமிகுந்த பொருளாதலால், “தொடாதே, கெட்டுவிடும்” என்று பெற்றோர் பிள்ளையைத் தடுப்பர். இச்சிறு பொறியோ திறந்த பலகை. இப்போதைய வகைகளில் வெளிக்கருவிகளை இணைப்பதற்கென்றே நாற்பது முனைகள் உள்ளன. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே இதற்குத் திரையாகும். கைப்பேசிக்கு மின்னேற்றுவது போன்ற 5 வோல்ட்டு இணைப்பே இதற்கு உணவாகும். பிள்ளை நிரலைத் தவறாக எழுதி எல்லாவற்றையும் குலைத்துவிட்டாலும், நினைவட்டையைத் துடைத்து மீண்டும் எழுதினால் பொறி பழையபடி எழுந்து நிற்கும். தவறு செய்ய இடங்கொடுக்கும் கருவியே கற்பிக்கும் கருவி!

இனி, இதன் பயன்களை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, நூலகம். இணையம் எட்டாத சிற்றூர்ப் பள்ளியில் இக்கணிப்பொறியை வைத்து, அதனையே கம்பியில்லா இணைப்பு நிலையமாக்கலாம். சுற்றியுள்ள கைப்பேசிகளும் கணிப்பொறிகளும் இணையமின்றியே அதனைத் தொடர்புகொண்டு, அதில் உள்ளவற்றைப் படிக்கும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ‘கிவிக்சு’ என்னும் கட்டற்ற மென்பொருளின் வழி அதில் முழுமையாக இறக்கி வைக்கலாம். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் ஊதியம் கருதாது மின்வடிவாக்கிய பழந்தமிழ் நூல்களையும் அதனோடு சேர்க்கலாம். இடம் போதுமா என ஐயுற வேண்டா. ஒருங்குறி முறையில் தமிழின் ஒரு குறிக்கு மூன்று பைட்டு வேண்டும். பக்கத்திற்கு 1,500 குறிகள் எனக் கொண்டால், 300 பக்க நூலொன்று ஒன்றரை மெகாபைட்டுக்குள் அடங்கும். நகத்தளவேயான 32 கிகாபைட்டு நினைவட்டையின் பாதியை ஒதுக்கினாலே பதினாயிரம் நூல்களுக்கு இடமுண்டு. பதினாயிரம் நூல்கள் ஒரு சட்டைப்பையில்!

இரண்டாவது, உழவும் நீரும். மழையை அளக்கும் கருவியுள் ஏற்றக்கோல் போன்று இருபுறமும் சாயும் சிறு கிண்ணங்கள் இரண்டு உண்டு. குறித்த அளவு நீர் நிறைந்ததும் ஒன்று கவிழும். மற்றொன்று நிமிர்ந்து நீரேற்கும். கவிழுந்தோறும் ஒரு காந்தம் மின்சுற்றை ஒருமுறை மூடித் திறக்கும். அத்துடிப்புகளை எண்ணி, நாளும் நேரமும் குறித்து வைப்பது இக்கணிப்பொறிக்கு மிக எளிய வேலை. ஊர்ப்பள்ளி தோறும் இத்தகைய மழைமானி ஒன்றை மாணவரே அமைத்துப் பத்தாண்டு பதிவு செய்வாராயின், அவ்வூர் ஏரிக்கு எவ்வளவு நீர் வரவேண்டும், வராத நீர் எங்கே மறிக்கப்பட்டது என்று ஊரார் சான்றோடு வினவ முடியும். அளவு கையில் உள்ளவன் கேட்கும் கேள்விக்கு ஆற்றல் மிகுதி.

மூன்றாவது, கண்ணொளி இழந்தோர்க்குத் துணை. அச்சுத் தமிழைப் படமாக எடுத்து எழுத்தாக மாற்றும் ‘டெசராக்ட்’ என்னும் மென்பொருளும், தமிழ் எழுத்தை ஒலித்துக் காட்டும் ‘ஈசுபீக்கு’ என்னும் மென்பொருளும் கட்டற்றவையாகக் கிடைக்கின்றன. ஒளிப்படக் கருவியொன்றும் ஒலிபெருக்கியொன்றும் இணைத்துவிட்டால், நூலைப் படித்துக் காட்டும் பெட்டியொன்று உருவாகும். அதன் குரல் இன்னும் பொறிக்குரலே, பிழைகளும் உண்டு. ஆனால், அவற்றைத் திருத்தும் வேலையை வேற்று நாட்டார் வந்து நமக்குச் செய்து தரவேண்டும் என்று காத்திருப்பது எந்த வகையில் முறையாகும்?

நான்காவது, நிரற்கல்வி. ஆங்கிலம் வல்லார்க்கே கணிப்பொறி வயப்படும் என்னும் அச்சம் சிற்றூர்ப் பிள்ளைகளின் நெஞ்சில் ஆழ ஊன்றப்பட்டுள்ளது. அது பொய்யச்சம் என்பதற்கு ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியே சான்று. அதில் ‘பதிப்பி’ என்றால் பொறி திரையில் எழுதிக் காட்டும்; ‘முடி’ என்றால் அப்பகுதி முடியும். கட்டுரைக்குரிய வரம்பை முதலிற் கூறி, ‘ஆனால்’ என்னும் சொல்லைப் பின்னே வைப்பது அதன் அமைப்பு. தமிழன் பேசும் முறையும் அதுதானே! 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறையும் இப்பொறியில் இயங்கும் இலினக்சு இயங்குதளத்தில் கிடைக்கின்றது. முதற்படியைத் தாய்மொழியில் ஏறிய பிள்ளை அடுத்த படிகளை அச்சமின்றி ஏறும்.

இத்தனை பயன் இருப்பினும், பொறி வந்துவிட்டால் போதும், பயன் தானே விளையும் என்று எண்ணுவது பேதைமை. இதற்கும் நம் அண்மையிலேயே சான்றுண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழக அறிஞர் சிலர் 1999-இல் அறக்கட்டளை கண்டு, ‘சிம்பியூட்டர்’ என்னும் கையடக்கக் கணிப்பொறியை வகுத்தனர். எழுதப் படிக்க அறியாதாரும் பயன்கொள்ளுமாறு இந்திய மொழியில் உரைபேசும் வகை செய்தனர். ஒவ்வொருவரும் தத்தம் குறிப்புகளைத் தனித்தனி அட்டையில் வைத்துக்கொண்டு, ஊருக்கொரு பொறியைப் பலரும் மாறி மாறிப் பயன்படுத்தலாம் என்பது அவர்தம் திட்டம். போற்றத்தக்க எண்ணம்! 2004-இல் அது கடைக்கு வந்தபோது விலை ஏறத்தாழப் பதினாயிரம் உரூபாவாக இருந்தது. ஏழைக்கு எட்டவில்லை. அதற்குள் கைப்பேசியும் மலிந்தது. சிம்பியூட்டர் மக்களிடையே வேர்கொள்ளாமலே மறைந்தது.

இராசுபெரி பை வேர்கொண்டதற்குக் கரணியம் விலைக்குறைவு மட்டுமன்று. அதனைச் சுற்றி ஆசிரியர் பயிற்சிகளும் மாணவர் மன்றங்களும் செய்முறை நூல்களும் எழுந்தன. ஆர்வலர் சிலர் தாமே முன்வந்து 2012-இல் அதற்கென ஓர் இதழைத் தொடங்கினர். பின்னர் அறக்கட்டளை அதனைத் தன் இதழாகவே ஏற்றுக்கொண்டது. அட்டையில் கணிப்பொறியைச் சுமந்து வந்ததும் அவ்விதழே. எனவே, பொறியை ஊன்றி நிறுத்தியவர் விற்றவர் அல்லர், எழுதியவரும் கற்பித்தவருமே.

அன்பர்களே! நமக்குள்ள குறையும் இதுவே. பலகை கடையில் கிடைக்கின்றது. அதனைக் கையாளும் வழியைப் பன்னிரண்டு அகவைப் பிள்ளைக்கு நல்ல தமிழில் படிப்படியாகச் சொல்லும் நூல்கள் போதிய அளவில் இல்லை. கலைச்சொல் இல்லையே என்று தயங்குவோர், சொல் பட்டறையில் பிறக்கும் என்பதை உணரவேண்டும். கொல்லனும் தச்சனும் தம் கருவிகளுக்குப் பெயர் வேண்டிக் கழகம் கூட்டவில்லை. வேலை செய்தனர், பெயர் தோன்றிற்று.

ஆதலின், கணிப்பொறித் துறையில் பணியாற்றும் தமிழன்பர் ஒவ்வொருவரும், தாம் பயின்ற பள்ளிக்குப் பலகையொன்று வாங்கித் தருக. விடுமுறை நாளொன்றில் நேரிற் சென்று அதனை இயக்கிக் காட்டுக. ஆசிரியராயிருப்போர், மாணவரோடு ஒரு மழைமானியையாவது செய்து முடிக்க. எழுத வல்லார், செய்து பார்த்ததைச் செய்தவாறே தமிழில் எழுதுக, செய்யாததை எழுதற்க. பணம் கொடுத்து வாங்கும் பெருமை கடையோடு முடியும். செய்து பார்க்கும் பெருமையோ தலைமுறையோடு வளரும்.

கருவி கைக்கு வந்துவிட்டது. கையை நீட்டுவோம்!