வலிப்பும் வம்சப் பழியும்

'வலிப்பு வம்சத்திலேயே வரும். அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் வேண்டாம்.' கல்யாணப் பேச்சில் இன்றும் காதில் விழும் வாக்கியம் இது. விவரம் தெரியாதவர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. மனநோயோடு சேர்த்து வலிப்பையும் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது இந்துத் திருமணச் சட்டம். 1999 திருத்தத்தில்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது. சட்டத்தைவிட்டுப் போனது, மனத்தைவிட்டுப் போகவில்லை.

இந்தப் பேச்சில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். நரம்பணுக்களின் சவ்வில் நுண்ணிய வாயில்கள் உண்டு. சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் அவற்றின் வழியே வந்துபோவதால்தான் மூளையில் மின்துடிப்பு பிறக்கிறது. வாயிலைக் கட்டும் மரபணுவில் ஓர் எழுத்து பிசகினாலும் கதவு திறக்க மறுக்கலாம், மூட மறுக்கலாம். வலிப்புக்குக் காரணமான இத்தகைய பிறழ்வு முதன்முதலாகப் பிடிபட்டது 1995-இல், தூக்கத்தில் வலிப்பு கண்ட ஓர் ஆஸ்திரேலியக் குடும்பத்தில்.

'அப்படியென்றால் பரம்பரைதானே?' என்று கேட்பவர்கள் டிராவே நோயைப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு மருத்துவர் சார்லோட் டிராவே 1978-இல் விவரித்த கடுமையான வலிப்பு இது. நன்றாக இருந்த கைக்குழந்தைக்கு, ஒரு வயதுக்குள், பெரும்பாலும் காய்ச்சலோடு நெடுநேர வலிப்பு வரும். 2001-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு குழந்தைகளைச் சோதித்தார்கள். ஏழு பேருக்கும் எஸ்சிஎன்1ஏ என்ற சோடியம் வாயில் மரபணுவில் பிறழ்வு இருந்தது. பெற்றோர் எவரிடமும் அது இல்லை! பிறழ்வு அந்தக் குழந்தைகளிடம்தான் புதிதாகத் தோன்றியிருந்தது. டிராவே குழந்தைகளில் மிகப் பெரும்பாலோரின் நிலை இதுதான். மரபணுவில் இருப்பதெல்லாம் முன்னோர் தந்ததல்ல.

குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றால் பழி வேறு பக்கம் திரும்பும்: தடுப்பூசிதான் காரணம் என்பார்கள். ஊசி போட அழைத்துப்போன தாய் ஆயுள் முழுக்க அந்தக் குற்றவுணர்வைச் சுமப்பாள். நரம்பியல் மருத்துவர் சாமுவேல் பெர்கோவிக் தலைமையிலான குழு 2006-இல் இதை நேராகச் சோதித்தது. தடுப்பூசியால் மூளை பாதித்ததாகச் சொல்லப்பட்ட 14 பேரில் 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ பிறழ்வு இருந்தது. ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முன்னதாகக் கிளப்பலாம். நோயின் வேர் குழந்தை பிறக்கும்போதே இருந்தது.

பெற்றோரிடமிருந்தே பிறழ்வு வரும் குடும்பங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கும் எல்லோர் கதையும் ஒன்றல்ல. பெர்கோவிக்கும் அவருடைய சக ஆய்வாளர் இங்க்ரிட் ஷெஃபரும் 1997-இல் விவரித்த வகைக் காய்ச்சல் வலிப்புக் குடும்பங்களில் ஒருவருக்குச் சிறுவயதுக் காய்ச்சல் வலிப்போடு முடிந்துவிடும். இன்னொருவருக்கு வலிப்பு தொடரும். கேசிஎன்க்யூ2 என்ற பொட்டாசியம் வாயில் மரபணுவின் பிறழ்வைப் பெற்ற சில குழந்தைகளுக்கு, பிறந்த சில நாட்களிலேயே வலிப்பு வந்து, சில மாதங்களில் நின்றுவிடும். அதே மரபணுவில் வேறோர் இடத்துப் பிறழ்வு வளர்ச்சியையே முடக்கிவிடுவதும் உண்டு. 'அந்தக் குடும்பம்' என்ற ஒற்றைச் சொல்லில் இவற்றையெல்லாம் அடைப்பது அநியாயம்.

மிகவும் ஆபத்தான வாதம் கடைசியில் வருகிறது: 'மரபணு என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை; சோதித்து என்ன பயன்?' பயன் மருந்துச் சீட்டிலேயே தெரியும். எஸ்சிஎன்1ஏ வாயில் முக்கியமாக மூளையின் பரபரப்பை அடக்கும் நரம்பணுக்களில் வேலை செய்கிறது. டிராவே நோயில் அந்த அணுக்கள் ஏற்கெனவே சோர்ந்திருக்கின்றன. சோடியம் வாயிலை அடைக்கும் கார்பமசெபின், ஃபெனிட்டாயின் போன்ற வழக்கமான மருந்துகளைக் கொடுத்தால் அந்த அணுக்கள் மேலும் சோர்ந்து, வலிப்பு கூடலாம். அதே கார்பமசெபின் கேசிஎன்க்யூ2 குழந்தைகள் பலருக்கு நல்ல பலன் தருகிறது. டிராவே குழந்தைகளுக்கு வால்புரோயேட், குளோபசாம், ஸ்டிரிபென்டால் என்று வேறு வழி இருக்கிறது. 2020-இல் ஃபென்ஃப்ளூரமினுக்கும் அமெரிக்கா அனுமதி தந்தது.

ஒரு வயதுக்குள் காய்ச்சலோடு நெடுநேர வலிப்பு திரும்பத் திரும்ப வந்தாலோ, மருந்து தொடங்கிய பின் வலிப்பு கூடினாலோ, மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் போய் மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள். அடுத்த குழந்தை பற்றிய கேள்வியையும் ஜாதகக்காரரிடமோ சம்பந்தியிடமோ அல்ல, மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள்.