தோற்றவரும் நம்பும் தேர்தல்

ஒரு தேர்தல் நேர்மையாக நடந்ததா என்பதற்கு வென்றவரின் சாட்சியம் போதாது. தோற்றவர் முடிவை ஏற்கிறாரா என்பதே உரைகல். 2016 சட்டப்பேரவைத் தேர்தலில் எங்கள் கோவில்பட்டித் தொகுதியில் வெற்றி வித்தியாசம் வெறும் 428 வாக்குகள். அதே தேர்தலில் ராதாபுரத்தில் 49 வாக்குகள் மட்டுமே. அங்கு நிராகரிக்கப்பட்ட அஞ்சல் வாக்குகள் தொடர்பாகத் தோல்வியுற்ற மு. அப்பாவு வழக்குத் தொடர்ந்தார். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கை நடந்தது. அதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் பேரவையின் பதவிக்காலமே முடிந்துவிட்டது.

நியாயம் எவர் பக்கம் என்பது வேறு செய்தி. தேர்தல் மனுக்களை ஆறு மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். காலம் கடந்து கிடைக்கும் விடை, ஐயத்தைத் தீர்ப்பதில்லை, வளர்க்கிறது.

இன்று அந்த ஐயம் வாக்காளர் பட்டியல் வரை வந்துள்ளது. சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பரில் வெளியான தமிழக வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. இவற்றில் ஏறத்தாழ 27 லட்சம் பெயர்கள் இறந்தோருடையவை. அவற்றை நீக்குவது அவசியமே. ஆனால், 66 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் எனக் குறிக்கப்பட்டனர். என் கவலை இங்குதான்.

கரிசல் பூமி மழையை நம்பியது. பருத்தியும் உளுந்தும் கைவிடும் ஆண்டுகளில் குடும்பங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைப்புத் தேடிச் செல்கின்றன. குடும்ப அட்டையும் குலதெய்வமும் இங்கேயே இருக்கின்றன. தற்காலிகமாக வெளியே சென்றிருப்பதாலேயே ஒருவர் தம் ஊரில் வசிப்பவர் என்ற தகுதியை இழப்பதில்லை என்று 1950ஆம் ஆண்டின் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. பூட்டிய வீடு எப்போதும் கைவிடப்பட்ட வீடு அன்று.

பிகாரில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் விடுபட்டபோது, அவற்றைக் காரணத்துடன் வெளியிடுமாறு 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எந்த உறுதிமொழியையும்விட அந்த ஆணை பயனுள்ளது. நம்பிக்கையும் ஒருவகை மூலதனமே. சரிபார்க்கும் செலவு குறையும்போது அது பெருகும், கூடும்போது கரையும்.

சரிபார்ப்பு மட்டும் போதுமா என்று வாசகர் கேட்கலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 அதிபர் தேர்தலின் ஏறத்தாழ 50 லட்சம் வாக்குச்சீட்டுகள் கையால் மீண்டும் எண்ணப்பட்டன. முடிவு மாறவில்லை. ஆயினும் தோற்ற தலைவர் அதை ஏற்காததால், அவரது ஆதரவாளர்களில் பெரும்பாலோரும் ஏற்கவில்லை. தோற்றால் மோசடி, வென்றால் மக்கள் தீர்ப்பு என்னும் பழக்கம் நம் கட்சிகளுக்கும் புதிதன்று.

ஆகவே பொறுப்பு இரு தரப்புக்கும் உண்டு. நீக்கப்பட்ட பெயரையும் காரணத்தையும் அந்தந்த ஊரிலேயே ஒட்டி, திரும்பச் சேர்க்கும் வழியை எளிதாக்குவது தேர்தல் ஆணையத்தின் கடமை. தேர்தல் வழக்குகளைப் பதவிக்காலம் முடியும் முன்பே முடிப்பது நீதிமன்றங்களின் கடமை. ஆதாரம் இருந்தால் வழக்காடுவதும், இல்லையெனில் தோல்வியை ஒப்புக்கொள்வதும் கட்சிகளின் கடமை. திருப்பூரிலிருந்து பேருந்து ஏறி வாக்களிக்க வரும் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழந்து வருகிறார். பட்டியலில் பெயர் இல்லை என்னும் விடையோடு அவரைத் திருப்பி அனுப்பினால், அடுத்த தேர்தலுக்கு அவர் வரமாட்டார்.