விலக்கு எழுதும் பேனா

குழந்தைகளைப் படையில் சேர்க்கும் அரசுகளுக்கு இராணுவ உதவி இல்லையென அமெரிக்கா 2008இல் சட்டம் இயற்றியது. 2010இல் அதன் பட்டியலில் ஆறு நாடுகள் இடம்பெற்றன. அக்டோபர் 25 அன்று, முந்தைய ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஒபாமா, சாட், காங்கோ, சூடான், யேமன் ஆகிய நான்கிற்கும் ‘தேச நலன்’ கருதி விலக்களித்தார். எஞ்சிய இரண்டில் மியான்மருக்கு அமெரிக்கா ஏற்கெனவே ஆயுதம் தருவதில்லை. சோமாலியாவுக்கான பணமோ இச்சட்டம் அப்போது தொடாத அமைதிகாப்புக் கணக்கின் வழியே சென்றது. ஆக, தண்டிக்கப்பட்டவர் எவருமில்லை! 2011இலும் யேமனுக்கு விலக்கு தொடர்ந்தது. அல் கொய்தாவை வேட்டையாட அன்று யேமன் படை தேவைப்பட்டது. அப்படையில் துப்பாக்கி ஏந்தியவனின் வயதைக் கேட்பது வாஷிங்டனுக்கு இடைஞ்சலாக இருந்தது.

தமிழருக்கு இக்கணக்கு புதிதல்ல. புலிகள் சிறுவர்களைப் போர்முனைக்கு இழுத்துச் சென்றது மன்னிக்கவியலாத குற்றம். அதை உலகெங்கும் எடுத்துரைத்த இலங்கை அரசு, 2004இல் புலிகளிடமிருந்து பிரிந்த கருணா குழு கிழக்கில் சிறுவர்களைக் கடத்தியபோது என்ன செய்தது? பாதுகாப்புப் படையினர் சிலரே அதற்குத் துணைநின்றதாக ஐ.நா. சிறப்பு ஆலோசகர் ஆலன் ராக் 2006 நவம்பரில் கூறினார். 2009 மார்ச்சில் கருணா அமைச்சரானார். அதுவும் தேசிய ஒருமைப்பாட்டுக்கு!

யேமனுக்கான ஆயுத உதவி அன்றே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். விலக்குப் பிரிவு நீக்கப்பட வேண்டும். மட்டக்களப்புத் தாய்மாருக்குக் கொழும்பு பதில் சொல்ல வேண்டும்.