‘டிக்கெட் எடுத்தாச்சு, டீச்சர்!’ – மும்பை மாநகராட்சிக் கல்வி அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மும்பை மாநகராட்சிக் கல்வி அதிகாரி அவர்களுக்கு,

ஆண்டாப் ஹில்லில், சி.ஜி.எஸ். காலனிக்கும் கோகரி ஆகாருக்கும் நடுவே, ஒரு மாடி அறையில் டியூஷன் எடுப்பவள் நான். தமிழில்தான் எழுதுகிறேன். எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்தும் மாநகராட்சி உங்களுடையது, அந்த எட்டில் தமிழும் ஒன்று. படித்துச் சொல்ல ஆளுக்குப் பஞ்சம் இருக்காது.

பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்று எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள்மேல் ஆசிரியர்களுக்கு நெடுநாளைய வருத்தம் உண்டு. லீவு எடுக்காதீர்கள் என்று டீச்சர் சொன்னால், அம்மாமார்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கும்: “டிக்கெட் எடுத்தாச்சு, டீச்சர்.” அதற்குமேல் பேச்சில்லை. இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவள் என்பதால் எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் உண்டு. ஆனால் இந்த மடல் உங்களுக்கு. அவர்கள் டிக்கெட் எடுக்கும் நாளுக்கும் நீங்கள் தேர்வுத் தேதி சொல்லும் நாளுக்கும் நடுவில்தான் சிக்கல் கிடக்கிறது.

2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை மாநிலம் முழுவதும் ஒரே அட்டவணையில் ஆண்டுத் தேர்வு, ஏப்ரல் 8 முதல் 25 வரை என்று புனேயிலிருந்து மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி மன்றம் (எஸ்.சி.இ.ஆர்.டி.) அறிவித்தது. தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது வந்த அறிவிப்பு அது. அதற்கு முந்திய வருஷங்களில் பல பள்ளிகள் இதைவிட முன்பே தேர்வை முடித்துவிடும். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் வீடுகளில் கணக்குப் போட்டிருந்தார்கள். விடைத்தாள் திருத்தி மே 1-க்குள் முடிவு சொல்ல நேரமில்லை என்று ஆசிரியர்களும் முணுமுணுத்தார்கள். ஏப்ரல் வெயிலில் பிள்ளைகளை அலைய விடுவதா என்றும் கேள்வி எழுந்தது. எங்கள் தெருவில் எழுந்தது வேறு கேள்வி. அந்த ஆண்டு பங்குனி உத்திரம் ஏப்ரல் 11; தேர்வுக்கு நடுவில் எப்படிப் போவது?

பங்குனி உத்திரம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்குக் குலதெய்வம் என்பது பெரும்பாலும் ஒரு சாஸ்தா. திருச்செந்தூர் வட்டாரத்து மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் மாதிரிப் பெயர் பெற்ற கோயில்களும் உண்டு. குளத்தங்கரையிலும் தேரிக்காட்டிலும் ஒரு மரத்தடி, நாலு பீடம் என்று நிற்கும் கோயில்கள் அதைவிட அதிகம். வருஷம் முழுக்க விளக்கு வைக்க ஆள் தேட வேண்டிய இடத்தில், உத்திரத்தன்று மட்டும் வண்டி நிறுத்த இடம் இருக்காது. மும்பை, சூரத், சென்னை என்று சிதறிப் போன பங்காளிகள் எல்லாரும் அன்று ஒரே இடத்தில் பொங்கல் வைப்பார்கள். பிள்ளைகளுக்கு மொட்டை போடுவதும் காது குத்துவதும் அங்கேதான். யார் பெரியப்பா, யார் அத்தை, யாரை மச்சான் என்று கூப்பிடலாம், யாரைக் கூப்பிடக் கூடாது என்பதெல்லாம் மும்பையில் பிறந்த பிள்ளைக்கு அந்த ஒரே நாளில் தெரிந்துவிடும். கல்யாணப் பேச்சும் நடக்கும், சொத்துத் தகராறும் நடக்கும். மாமாங்கத்துக்கு ஒருமுறை போய்க்கொள்ளலாம் என்று விடக்கூடிய காரியம் இல்லை இது.

அது போக, கொடை என்று நாங்கள் சொல்லும் அம்மன் கோயில் திருவிழாக்கள் தனி. சித்திரை, வைகாசியில் வந்தால் பிழைத்தோம், உங்கள் கோடை விடுமுறையில் பாதி அடங்கிவிடும். ஆடியில், ஆவணியில் வந்தால் பள்ளி நடுவில்தான். ஆண்டாப் ஹில்லில் இருந்தாலும் ஊர்க் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கொடுப்பவர் வரிக்காரர்தான். கொடைக்குப் பந்தக்கால் நடும் கால்நாட்டுக்குப் போக முடியாவிட்டாலும் கொடையன்று வீட்டில் ஆள் இருக்க வேண்டும். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்ட நேர்ந்துகொண்டவர்களுக்கு அது அக்டோபரை ஒட்டி வரும், இங்கே முதல் பருவத் தேர்வு நெருங்கும் சமயம்.

இனி டிக்கெட். தாதர்–திருநெல்வேலி, சி.எஸ்.எம்.டி.–நாகர்கோவில் இந்த ரயில்களில் ஊர் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும். முன்பெல்லாம் 120 நாளைக்கு முன்னால் முன்பதிவு திறந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஏப்ரல் 11-க்குள் கோயிலில் நிற்க வேண்டுமானால் பிப்ரவரி முதல் பத்து நாளுக்குள், காலை எட்டு மணிக்கு, வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு போனோடு உட்கார வேண்டும். எட்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வெயிட்டிங் லிஸ்ட். நாலு பேருக்கு ஸ்லீப்பர் கிடைத்துவிட்டால் லாட்டரி விழுந்த மாதிரிதான். அப்படி வாங்கிய டிக்கெட்டை மார்ச் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டது என்று ரத்து செய்யச் சொன்னால் எந்த வீட்டில் கேட்பார்கள்? போன பணம் ஒருபக்கம். மறுபடி டிக்கெட் கிடைக்காது என்பதுதான் பெரிய பயம்.

நான் இதில் ரயில்வேயை இழுக்கவில்லை. 60 நாள் விதியை உங்களால் மாற்ற முடியாது. உங்களால் முடிந்தது வேறு. 2009-இன் கட்டாயக் கல்விச் சட்டத்தை எடுத்து 9-ஆம் பிரிவைப் பாருங்கள். உள்ளாட்சி அமைப்பின் கடமைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. புலம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது ஓர் உட்பிரிவு. கல்வியாண்டின் நாட்காட்டியை முடிவு செய்ய வேண்டும் என்கிறது இன்னொன்று. இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பது தற்செயலாகவே இருக்கட்டும், எனக்கு அது பொருத்தமாகத்தான் படுகிறது. ஐந்தாம் வகுப்பு வரை 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் பள்ளி நடந்தாக வேண்டும் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அந்த நாட்களை எங்கே எப்படி வைப்பது என்பது மும்பைக்கு மும்பையே பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. மாநிலத்தின் மறுகோடியில் இருக்கும் கட்சிரோலிக்கும் ஆண்டாப் ஹில்லுக்கும் ஒரே தேதி எதற்கு? பள்ளி நாட்காட்டியை வட்டார அளவில் திட்டமிடலாம் என்று 2005-இன் தேசியக் கலைத்திட்டமும் சொல்லியிருக்கிறது.

இந்த நகரத்துக்கு ஊருக்குப் போவது என்றால் என்னவென்று தெரியாதா? கணபதி வந்தால், இங்கே வேலை பார்க்கும் கொங்கணத்துக்காரர்களான சாக்கர்மானிகளுக்காக மும்பையே வழி விடுகிறது. சிறப்பு ரயில்கள் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. கொங்கணம் போகும் வண்டிகளுக்குச் சுங்கக் கட்டணத்தை அரசே தள்ளுபடி செய்கிறது. பள்ளிக்கும் விடுமுறை. பொறாமையில் சொல்லவில்லை; அந்த விடுமுறையில் எங்கள் பிள்ளைகளும்தான் மோதகம் சாப்பிடுகிறார்கள். சொந்த ஊர்ச் சாமி முன்னால் குழந்தையைக் கொண்டுபோய் நிறுத்துவது படிப்புக்கு எதிரி இல்லை என்று நீங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைவூட்டுகிறேன், அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை, மத்திய அரசு ஊழியர்கள் குடியிருக்கும் எங்கள் சி.ஜி.எஸ். காலனியிலேயே இருக்கிறது. அவர்களுக்கு எல்.டி.சி. என்ற விடுப்புப் பயணச் சலுகை உண்டு. நாலு வருஷக் கட்டத்தில் இரண்டு முறை குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்வர அரசாங்கமே டிக்கெட் பணம் கொடுக்கிறது. அப்பாவின் அலுவலகம் ‘பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வா’ என்று பணத்தைக் கொடுக்கிறது. பிள்ளையின் பள்ளி ‘ஏன் போனாய்’ என்று டயரியில் எழுதுகிறது.

வெளிநாட்டில் எப்படி என்று நீங்கள் கேட்கக்கூடும். இங்கிலாந்தில் பள்ளி நாளில் பிள்ளையைச் சுற்றுலா கூட்டிப் போனால் அபராதம். ஜான் பிளாட் என்பவர் தன் மகளை ஏழு நாள் ஃபுளோரிடாவுக்குக் கூட்டிப்போனார். அபராதம் கட்ட மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போய் 2017 ஏப்ரலில் தோற்றார். 2024 ஆகஸ்டிலிருந்து அந்த அபராதம் 80 பவுண்டு, தாமதித்தால் 160. அந்த வழி நமக்கு வேண்டாம். ஆனால் அங்கே அபராதம் போடுவதற்கு முன்னால், எந்த நாள் பள்ளி, எந்த நாள் விடுமுறை என்பதைப் பெற்றோருக்கு வெகு முன்பே சொல்லிவிடுகிறார்கள். அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே அபராதம் இல்லை. அதற்குப் பதில் பொய் இருக்கிறது. ஐந்து நாள் ஊருக்குப் போனேன் என்று எழுதினால் திட்டு விழும், ஜுரம் என்று எழுதினால் விழாது. ஆகவே தெரிந்த டாக்டரிடம் ஒரு சீட்டு. டைபாய்டு வந்து படுத்திருந்ததாகச் சீட்டுக் கொடுக்கும் பையன் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வகுப்பில் வந்து நிற்பான். டீச்சருக்கும் தெரியும், பக்கத்து பெஞ்சுக்கும் தெரியும். வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்கள் கூடி ஒரு ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொய்ச் சான்றிதழ் வாங்கும் விதத்தைக் கற்றுத் தருகிறோம்.

பெற்றோர் பக்கத்தையும் நான் விடப்போவதில்லை. உத்திரத்துக்கு என்று கிளம்பி, அப்படியே சித்திரை விசு, ஒரு கல்யாணம், ஒரு பதினாறாம் நாள் காரியம் என்று நீட்டித்து, ஒரு மாதம் கழித்துத் திரும்பும் வீடுகள் உண்டு. ரிட்டர்ன் டிக்கெட் கிடைக்கவில்லை என்பது பாதி உண்மை. நாலாம் வகுப்பில் பின்னம் சொல்லிக் கொடுக்கும் இரண்டு வாரத்தைத் தவறவிட்ட குழந்தை எட்டாம் வகுப்பிலும் விகிதத்தைப் பார்த்து விழிக்கும். அதைச் சரிசெய்ய அப்புறம் என்னிடம் காசு கொடுப்பார்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நடுவில் கூட்டிப் போகவே கூடாது என்பது என் கட்சி. பத்தாம் வகுப்புத் தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பது மாநில வாரியத்தின் விதி. சாமியும் அதைப் புரிந்துகொள்ளும்.

இதைவிடக் கனமான ஒரு விஷயம் உண்டு. ஊருக்குப் போன பெண்பிள்ளைகளில் சிலர் திரும்புவதில்லை. பெரிய மனுஷி ஆகிவிட்டாள், சடங்கு செய்தோம், ஆச்சிக்குத் துணையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்ததாகச் சொல்வார்கள். அங்கே பள்ளியில் சேர்த்தார்களா? ‘சேர்க்கணும்’ என்பார்கள். ஜுரம் என்று எழுதிவிட்டுப் போனவளைப் பள்ளி எந்தத் தேதியிலிருந்து தேடும்? ‘இந்தத் தேதி போகிறோம், இந்தத் தேதி வருகிறோம், ஊரில் இந்த விலாசம்’ என்று ஒரு தாள் இருந்தால், வரவேண்டிய நாளுக்கு மறுநாள் டீச்சர் போன் செய்யலாம். ஊருக்குப் போவதற்கு லீவு கொடுங்கள் என்று நான் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒளித்துப் போகும் பயணத்தில்தான் குழந்தை தொலைகிறது.

இது உங்கள் மாநிலத்துக்குப் புதிதும் இல்லை. பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் போகிற இடத்தில் பள்ளியில் சேரக் கல்வி உறுதி அட்டை என்று ஒன்றை மகாராஷ்டிரம் கொண்டுவந்தது. மாதக்கணக்கில் போகும் குழந்தைக்கு ஒரு அட்டை போட முடிந்த அரசுக்கு, ஐந்து நாள் போகும் குழந்தைக்கு ஒரு படிவம் போடுவது பெரிய காரியமா?

ஆகவே என் விண்ணப்பம். தேர்வு தொடங்கும் நாள், முடியும் நாள், பள்ளி மூடும் நாள் மூன்றையும் குறைந்தது 90 நாளைக்கு முன்பே அறிவியுங்கள். அறிவித்த பிறகு புனேயிலிருந்து எது வந்தாலும் பள்ளிகளுக்காக நீங்கள் பேசுங்கள். எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ஐந்து பள்ளி நாள் குடும்ப விடுப்பு, முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் கேள்வி கேட்காமல். அந்த நாட்களில் ஒரு தேர்வு விழுந்தால் திரும்பி வந்ததும் வேறொரு நாளில் எழுத வையுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளில் தலைமையாசிரியர் தம் அதிகாரத்தில் விடும் விடுமுறையைப் பங்குனி உத்திரத்துக்கு விடலாம் என்று ஒரு வரி எழுதினால் அவர்களுக்குத் தெம்பாக இருக்கும். பங்குனி உத்திரத்தை மும்பைக்குப் பொது விடுமுறை ஆக்கச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

ஐந்து நாளுக்கு மேல் போனால்? பள்ளி கண்டிக்கட்டும். நானும் கூடச் சேர்ந்து கண்டிக்கிறேன். நேரத்தோடு தேதி சொன்ன பிறகும் தாறுமாறாக டிக்கெட் எடுத்துவிட்டு வந்து நிற்கும் அம்மாவிடம், ‘எடுத்தாச்சா, ரத்து பண்ணு’ என்று சொல்லும் உரிமை அப்போது எங்கள் இருவருக்கும் வரும்.

உயர்நிலைப் பள்ளிகள் மாநிலக் கல்வித் துறையின் பார்வையில் இருப்பவை என்பதால் இதன் நகல் ஒன்று அங்கேயும் போகிறது. மராத்தியில் பெயர்த்த படி இத்துடன் இணைத்திருக்கிறேன். என்னிடம் படித்த பெண்தான் பெயர்த்தாள், பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள். அடுத்த அட்டவணையைப் பள்ளி வாசலில் ஒட்டும்போது தமிழிலும் ஒரு தாள் ஒட்டச் சொல்லுங்கள். பிப்ரவரிக்கு முன்னால்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
ஆண்டாப் ஹில், மும்பை