அனுதாபம் கைபேசியோடு முடியலாமா?

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும், எழுவானிலும் படுவானிலும், கலியாணத்துக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்வதும் செத்த வீட்டுக்குச் சொல்லாமலே போவதும் முறை. இன்று கலியாண அழைப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது. துக்கம் விசாரிப்பது பேஸ்புக்கில் 'ஆழ்ந்த இரங்கல்' என்பதோடு முடிகிறது. பந்தலுக்கு வந்தவர்களிலும் பலர் ஆளுக்கொரு திரையோடு இருக்கிறார்கள். வீட்டாரைக் கேட்காமலே பிரேதத்தைப் படமெடுத்துப் போடுபவர்களும் உண்டு.

கனடாவில் இருக்கும் மகனுக்குத் தாயின் இறுதிக் கிரியையைக் காட்டுவதும் அதே கைபேசிதான். அதைக் குறை சொல்ல முடியாது. அடுத்த வளவில் இருப்பவருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் அல்ல. முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலப்பதாகப் பரவிய பொய், 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கும் அளவுக்குப் போனது. மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையையொட்டி அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆரையம்பதியும் காத்தான்குடியும் போல ஒட்டி வாழும் ஊர்களில் முகப்பழக்கம் அற்றுப்போனால், வதந்தியை யாரிடம் கேட்டுத் தெளிவது?

செத்த வீட்டில் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைப்பது, வீட்டார் சம்மதமின்றிப் படம் போடாதிருப்பது, நெருங்கியவர்களையாவது நேரில் போய் அழைப்பது ஆகியவற்றைக் கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் மரண உதவிச் சங்கங்களும் தம் கூட்டங்களில் பேசி முடிவெடுக்க வேண்டும். இதற்குச் சட்டம் தேவையில்லை. ஊர்க் கட்டுப்பாடே போதும்.